கேள்வி கேட்காத பயிற்சியாளர்: ஒரு நிகழ்வு ஆய்வு

48 வயதுப் பெண். நாள் முழுவதும் மேசை முன் உட்கார்ந்து பார்க்கும் வேலை. உயர் ரத்த அழுத்தத்துக்காகச் சில ஆண்டுகளாக மெட்டோப்ரோலால் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். படி இறங்கும்போது இடது முழங்கால் வலிக்கும். தசைகளுக்கு வலுவேற்றும் பயிற்சி தேவை என்று மருத்துவர் சொன்னதும், நாளைக் கடத்தாமல் ஜிம்மில் சேர்ந்து தனிப்பயிற்சியாளர் ஒருவரையும் அமர்த்திக்கொண்டார். முதல் பயிற்சி முடிந்த மூன்றாம் நாள் அவர் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார்.

உடல் தேறிய பிறகு, முழங்காலுக்கு இயன்முறை சிகிச்சை எடுக்க என்னிடம் வந்தார். சிகிச்சை முடியும் தறுவாயில் அவர் கேட்டதுதான் இந்த ஆய்வுக்கு வித்து: "மறுபடியும் பயிற்சிக்குப் போகத்தான் வேண்டும். யாரை நம்பிப் போவது?" அந்தத் தேடலில் நானும் உடனிருந்தேன். அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

தகுதியுள்ள பயிற்சியாளர் யார் என்ற கேள்விக்கு நான் முதலில் சொல்லும் பதில் இதுதான்: பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்பு அவர் உங்களைப் பற்றி என்ன கேட்கிறார், கேட்டறிந்ததை வைத்துத் திட்டத்தில் எதை மாற்றுகிறார் என்று பாருங்கள். மற்ற அடையாளங்களெல்லாம் அதற்குப் பிறகு.

முதல் தேர்வு

அந்த ஜிம்மில் பயிற்சியாளர்களின் படங்கள் சுவரில் வரிசையாக மாட்டப்பட்டிருந்தன. அவற்றில் மிகக் கட்டான உடலுள்ளவரை இவர் தேர்ந்தெடுத்தார். ஆணழகன் போட்டிகளில் பரிசு வாங்கியவர், பல வருட அனுபவசாலி என்று வரவேற்பு மேசையில் சொன்னார்கள். படத்துக்குக் கீழே சட்டமிட்ட சான்றிதழ்கள் சில இருந்தன. அவை பயிலரங்குகளில் கலந்துகொண்டதற்கான சான்றிதழ்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. பங்கேற்றதற்குத் தரும் தாளுக்கும் தேர்வெழுதித் தேறியதற்குத் தரும் தாளுக்கும் உள்ள வேறுபாடு, ஐந்தடி தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படாது.

முதல் நாள் அவரிடம் கேட்கப்பட்டவை இரண்டே கேள்விகள். எத்தனை கிலோ குறைக்க வேண்டும், எவ்வளவு நாளில் குறைக்க வேண்டும். மருந்து, வலி, பழைய அறுவைச் சிகிச்சை, கடைசியாக எப்போது உடற்பயிற்சி செய்தார் என எதுவுமே பேச்சில் வரவில்லை. எடை பார்க்கப்பட்டது, ரத்த அழுத்தம் பார்க்கப்படவில்லை.

அடுத்து நடந்ததை அவர் வாயிலாகவே பலமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். ஆபத்து எந்த இடத்தில் நுழைந்தது என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. பயிற்சியாளர் அவரைத் தொங்குகம்பியருகே ஒரு பெட்டியின் மேல் ஏற்றி நிறுத்தினார். தாடை கம்பிக்கு மேல் இருக்கும்படி பிடித்துக்கொண்டு, கால்களை எடுத்துவிட்டு, முடிந்தவரை மெதுவாகக் கீழே இறங்கச் சொன்னார். பிறகு மறுபடி பெட்டி மேல் ஏறி, மறுபடி இறங்க வேண்டும். இப்படிப் பத்துப் பத்தாகப் பல சுற்றுகள். இடையில் தண்டால், குதித்தெழும் ஸ்குவாட், மறுபடி கம்பி. கைகள் நடுங்குகின்றன என்று இவர் சொன்னபோது, "நடுங்கினால்தான் மேடம் வேலை செய்கிறது என்று அர்த்தம். இன்னும் பத்து" என்று பதில் வந்தது. குமட்டல் வந்தபோது தண்ணீர் கொடுத்துவிட்டுத் தொடர்ந்தார்கள்.

மறுநாள் இவரால் முழங்கையை முழுதாக மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. தலை சீவக் கை எழவில்லை. பயிற்சியாளருக்குச் செய்தி அனுப்பினார். முதல் தடவை எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும், நாளைக்கு வந்து லேசாகச் செய்தால் சரியாகிவிடும் என்று பதில் வந்தது. அதற்கடுத்த நாள் மேல்கைகள் இரண்டும் வீங்கி, சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனது. நல்லவேளையாக, அவர் ஜிம்முக்குப் போகாமல் மருத்துவமனைக்குப் போனார்.

உடலுக்குள் நடந்தது

அவருக்கு வந்தது ராப்டோமயோலிசிஸ், அதாவது தசைச் சிதைவு. அளவுக்கு மீறி உழைத்த தசையிழைகளின் உறை கிழிந்து, உள்ளே இருக்க வேண்டிய பொருள்கள் ரத்தத்தில் கலந்துவிடும். அவற்றுள் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைப் பாதிக்கும்; சிறுநீரின் கருநிறமும் அதனால்தான். பொட்டாசியம் மிகுதியாகக் கலந்தால் இதயத்துடிப்பின் ஒழுங்கு குலையலாம். கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதியின் அளவைக் கொண்டு மருத்துவர்கள் இதைக் கண்டறிகிறார்கள். இயல்பான மேல்வரம்பைப் போல் ஐந்து மடங்கைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும் என்பது பரவலாகக் கையாளப்படும் அளவுகோல். இவருடைய அளவு அதையெல்லாம் வெகுவாகக் கடந்திருந்தது. சிரை வழியே தொடர்ந்து திரவம் ஏற்றினார்கள். டயாலிசிஸ் தேவைப்படவில்லை, சிறுநீரகங்கள் முழுமையாகத் தேறின. எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை.

அந்தக் கம்பிப் பயிற்சியை இவ்வளவு விரிவாக எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு தசை சுருங்கி எடையைத் தூக்கும்போது அடையும் சேதத்தைவிட, சுமையைத் தாங்கியபடியே நீளும்போது அடையும் சேதம் அதிகம். மெதுவாகக் கீழே இறங்குவது அந்த வகை. பழகிய உடலுக்கு அது சிறந்த பயிற்சி. பழகாத உடலுக்கு, அதுவும் முதல் நாளிலேயே, பல சுற்றுகள் என்பது பேராபத்து. முறையாகப் படித்த எவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய அடிப்படை இது. அந்தப் பயிற்சியாளருக்குத் தன் உடம்பு எதைத் தாங்கும் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. எதிரே நின்றவரின் உடம்பைப் பற்றி அவர் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

கேட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும்

கனடாவில் 1970களில் உருவான ஒரு கேள்வித்தாளின் இன்றைய வடிவம் பார்-கியூ பிளஸ். அதன் முதல் பக்கத்தில் ஏழு கேள்விகள்தான்: இதய நோயோ உயர் ரத்த அழுத்தமோ உண்டா, நெஞ்சுவலி வருகிறதா, தலைசுற்றலோ மயக்கமோ வந்ததா, நாள்பட்ட வேறு நோய் உண்டா, மருந்து எடுக்கிறீர்களா, எலும்பு, மூட்டு, தசைகளில் தொல்லை உண்டா, மருத்துவக் கண்காணிப்பில்தான் பயிற்சி செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொன்னதுண்டா. இந்தப் பெண்மணி குறைந்தது மூன்று கேள்விகளுக்காவது ஆம் என்று எழுதியிருப்பார். நிரப்புவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

ஏசிஎஸ்எம் என்று அழைக்கப்படும் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்னும் தொழில்முறை அமைப்பு, பயிற்சிக்கு முந்தைய பரிசோதனை முறையை 2015இல் திருத்தியது. அதில் மூன்று விஷயங்கள் மையமாக வைக்கப்பட்டன. இப்போது தவறாமல் உடற்பயிற்சி செய்கிறாரா. இதயம், வளர்சிதை மாற்றம், சிறுநீரகம் சார்ந்த நோயோ அறிகுறியோ இருக்கிறதா. எவ்வளவு கடுமையாகப் பயிற்சி செய்யப் போகிறார். இந்த மூன்றையும் விசாரித்தவர், பல ஆண்டுகளாக உடலசைவே இல்லாத ஒருவரை முதல் நாளே கம்பியில் தொங்கவிட்டிருக்க மாட்டார்.

மருந்தின் பெயர் கேட்டிருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும். மெட்டோப்ரோலால், பீட்டா பிளாக்கர் வகையைச் சேர்ந்தது. இதயம் வேகமெடுப்பதைக் கட்டுப்படுத்துவதே அதன் வேலை. 220இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணக்கிட்டு, அதில் இத்தனை விழுக்காடு வரை ஓடுங்கள் என்று சொல்லும் வழக்கமான சூத்திரம் இந்த மருந்து எடுப்பவருக்குப் பொருந்தாது. அவருக்குக் கணக்கில் வரும் உச்சம் 172. அந்த எண்ணை எட்டிப்பிடிக்கச் சொன்னால், துடிப்பு ஏறாமலே அவர் மூச்சு முட்டி நின்றுவிடுவார். மருந்தே எடுக்காதவர்களுக்கும் அந்தச் சூத்திரம் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின்னாகத் தவறக்கூடியது. பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்கு ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான உழைப்புணர்வு அளவுகோலே ஏற்றது. செய்பவரே தன் சிரமத்துக்கு எண் சொல்ல வேண்டும். 11 என்றால் லேசு, 13 என்றால் சற்றுக் கடினம்.

மூச்சை அடக்கி முக்கும் பழக்கம் வேறு. எடை தூக்கும்போது மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் அந்தச் சில நொடிகளில் எங்கே போய் நிற்கும் என்பதை 1985இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. பழக்கப்பட்ட பாடிபில்டர்களின் தமனிக்குள் நுண்குழாய் செருகி அளந்தார்கள். இரு கால்களாலும் பெரும் எடையைத் தள்ளியபோது சராசரி அழுத்தம் 320/250 வரை உயர்ந்தது; ஒருவருக்கு 480/350ஐயும் தாண்டியது. அவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள். ரத்த அழுத்த நோயாளிக்கு மூச்சை எப்போது விட வேண்டும் என்று சொல்லித்தராத பயிற்சியாளர் எதைப் பணயம் வைக்கிறார் என்பதை இந்த எண்களே சொல்லும்.

சான்றிதழ் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

இதையெல்லாம் கேட்டபின் அந்தப் பெண்மணிக்குத் தனிப்பயிற்சியாளர் என்ற யோசனையே வெறுத்துவிட்டது. நான் தடுத்தேன். 2000இல் வெளியான ஆய்வொன்றில் 20 ஆண்களை இரு பிரிவாக்கி, 12 வாரங்களுக்கு ஒரே திட்டத்தைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்குப் பயிற்சியாளர் அருகிலேயே நின்றார். மற்றப் பிரிவினர் தாமாகச் செய்தார்கள். திட்டம் ஒன்றே என்றாலும், பயிற்சியாளர் உடனிருந்தவர்களின் வலிமை கூடுதலாக வளர்ந்தது. அவர்கள் எடையைக் கூட்டிய வேகம் அதிகம் என்பது முக்கியக் காரணம். நல்ல பயிற்சியாளர் உடனிருப்பதற்கு உண்மையான பலன் இருக்கிறது.

எனவே சான்றிதழிலிருந்து தொடங்கினோம். தனிப்பயிற்சியாளர் சான்றிதழ் தரும் அமைப்புகள் உலகில் ஏராளம். வார இறுதியில் பணம் கட்டினால் கிடைப்பவையும் அவற்றில் அடக்கம். ஆகவே சான்றிதழைத் தரும் அமைப்பை வேறொரு நடுநிலை அமைப்பு சோதித்து அங்கீகரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அந்த வேலையைச் செய்வது என்சிசிஏ என்ற ஆணையம். ஏசிஎஸ்எம், என்எஸ்சிஏ, ஏசிஇ, என்ஏஎஸ்எம் ஆகிய அமெரிக்க அமைப்புகள் தரும் தனிப்பயிற்சியாளர் சான்றிதழ்கள் அதன் அங்கீகாரம் பெற்றவை. ஆட்களுக்குச் சான்றளிக்கும் அமைப்புகளுக்கென்று ஐஎஸ்ஓ 17024 என்ற பன்னாட்டுத் தரமும் உண்டு. இந்த நான்கு அமைப்புகளின் சான்றிதழும் வாழ்நாள் முழுவதற்கும் செல்லாது. இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, தொடர்கல்வி முடித்துப் புதுப்பிக்க வேண்டும். இதயத்துடிப்பு நின்றுபோனவருக்கு முதலுதவி செய்யும் சிபிஆர் பயிற்சியும் நடப்பில் இருக்க வேண்டும். பயிற்சியாளரின் பெயரைக் கொடுத்தால் சான்றிதழ் செல்லுபடியாகிறதா என்று இந்த அமைப்புகளின் இணையதளங்களிலேயே சரிபார்க்கலாம். சட்டமிட்டு மாட்டிய தாளை நம்புவதைவிட இது எளிது.

அனுபவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2002இல் வெளியான ஆய்வு ஒன்று 115 பயிற்சியாளர்களின் துறை அறிவைத் தேர்வு வைத்துச் சோதித்தது. உடற்பயிற்சி அறிவியலில் பட்டம் பெற்றவர்களும், ஏசிஎஸ்எம் அல்லது என்எஸ்சிஏ சான்றிதழ் பெற்றவர்களும் நன்றாக எழுதியிருந்தார்கள். எத்தனை ஆண்டு அனுபவம் என்பதற்கும் அறிவுக்கும் தொடர்பு தென்படவில்லை. பல வருட அனுபவசாலி என்று வரவேற்பு மேசையில் சொல்லப்பட்டதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஒரே தவறை ஆண்டுக்கணக்கில் செய்தாலும் அனுபவக் கணக்கில் ஆண்டுகள் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

ஆனாலும் சான்றிதழ் வாசற்படி மட்டுமே. தேர்வில் தேறியவர் தேர்வுக்குப் படித்ததை உங்களிடம் கடைப்பிடிப்பாரா என்பது நேரில் பேசினால்தான் தெரியும். அதனால், நடப்பிலுள்ள அங்கீகாரச் சான்றிதழ் உள்ள மூவரைப் பட்டியலிட்டு, ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேச அந்தப் பெண்மணி முடிவு செய்தார்.

மூன்று சந்திப்புகள்

முதலாமவர் பேச்சில் கெட்டிக்காரர். கேள்வித்தாளை எடுத்து நீட்டினார். நிரப்பித் தந்ததும் படிக்காமலே கோப்பில் வைத்தார். இந்தப் பெண்மணி தானாகவே ரத்த அழுத்தத்தைப் பற்றிச் சொன்னபோது, "மூன்று மாதம் என்னிடம் வாருங்கள் மேடம், அந்த மாத்திரையையே நிறுத்திவிடலாம்" என்றார். கொழுப்பைக் கரைக்க ஒரு ஊட்டமாத்திரையும் அவரிடமே வாங்கிக்கொள்ளலாமாம். சான்றிதழைச் சரிபார்த்தோம், போலியல்ல. ஆனால் தன் எல்லை எதுவென்று தெரியாதவர். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் வேலை. நோய்க்கு உணவுத்திட்டம் வகுப்பது உணவியல் நிபுணர் வேலை. ஊட்டமாத்திரை விற்பவரின் ஆலோசனையில் அவருடைய வருமானமும் கலந்திருக்கும்.

இது வெறும் நெறிமுறைப் பேச்சு அல்ல. 1998இல் நியூயார்க்கில், உயர் ரத்த அழுத்தம் இருந்த 37 வயதுப் பெண் ஒருவர் ஜிம்மில் பயிற்சியின்போது சரிந்து விழுந்து, மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்துபோனார். பயிற்சியாளர் பரிந்துரைத்த ஊட்டமாத்திரைகளில் ஒன்றில் எபெட்ரா இருந்தது. அது ரத்த அழுத்தத்தை உயர்த்தும் பொருள். குடும்பம் வழக்குத் தொடுத்தது. எபெட்ரா கலந்த ஊட்டமாத்திரைகளின் விற்பனைக்கு அமெரிக்க அரசு 2004இல் தடை விதித்தது. அந்த ஒரு பொருள்தான் போனது. பயிற்சியாளர் பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

இரண்டாமவர் இளைஞர். கேள்வித்தாளை வரிவரியாகப் படித்தார். கைக்கடிகாரத்தில் இதயத்துடிப்பைப் பார்த்துப் பயிற்சி அளிப்பது அவர் முறை. பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்கு எப்படிச் செய்வீர்கள் என்று இந்தப் பெண்மணி கேட்டார். அவர் சற்று யோசித்தார். இதுவரை அப்படிப்பட்டவருக்குப் பயிற்சி அளித்ததில்லை, தசைச் சிதைவிலிருந்து மீண்ட ஒருவரைத் தொடங்கிவைக்கத் தனக்குப் போதிய தேர்ச்சி இல்லை என்று சொல்லிவிட்டு, தன்னைவிடப் பொருத்தமானவர் என்று வேறொருவர் பெயரைச் சொன்னார். பட்டியலில் மூன்றாவதாக இருந்தவரும் அவரேதான்.

அந்த இளைஞர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டாயிற்று. நோய் எதுவும் இல்லாத, புதிதாகத் தொடங்கும் ஒருவர் என்னிடம் கேட்டால் தயங்காமல் அவரிடம் அனுப்புவேன். வருமானம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, இது என்னால் ஆகாது என்று சொல்வதற்குப் படிப்பும் வேண்டும், நேர்மையும் வேண்டும்.

மூன்றாமவர் ஐம்பதைக் கடந்த பெண். சுவரில் படமாக மாட்டினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உட்கார்ந்த நொடி முதல் கேள்விகள்தான். மருத்துவமனையிலிருந்து கொடுத்த சுருக்க அறிக்கை இருக்கிறதா? மாத்திரையை எந்த நேரத்தில் எடுக்கிறீர்கள், மறந்துபோவதுண்டா? முழங்கால் படி ஏறும்போது வலிக்கிறதா, இறங்கும்போதா? எப்படித் தூங்குகிறீர்கள்? பயிற்சியில் எது உங்களுக்கு அச்சம் தருகிறது? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது இவருக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பியைப் பார்த்தாலே பயம் என்றார். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு ரத்த அழுத்தம் பார்த்தார். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லி, முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்தார். எழும்போது இடது முழங்கால் உள்ளே சாய்வதைக் கவனித்து, இயன்முறை சிகிச்சையில் என்ன செய்தீர்கள் என்று என்னிடம் கேட்டார். மருத்துவரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் வந்த பிறகே தொடங்குவேன் என்றார். எந்தச் சூழலில் என்னை ஏற்க மறுப்பீர்கள் என்று இவர் கேட்டதற்கு உடனே பதில் வந்தது: மருத்துவர் வேண்டாம் என்றால், ஓய்விலிருக்கும்போதே அழுத்தம் 180/110ஐத் தாண்டியிருந்தால், நெஞ்சுவலி, மயக்கம் என்று எதையாவது சொல்லி, அதை மருத்துவரிடம் காட்ட மறுத்தால்.

அந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம். மறுப்பதற்குக் காரணங்கள் வைத்திராத பயிற்சியாளரிடம் ஏற்பதற்கும் அளவுகோல் இருக்காது.

பயிற்சி தொடங்கியபோது

மருத்துவர் கடிதம் தந்தார். முதல் நாள் பயிற்சி, பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், ரப்பர் பட்டையை மார்பு நோக்கி இழுத்தல், லேசான டம்பெல்களைக் கையில் பிடித்து நடத்தல். ஒவ்வொன்றும் இரண்டே சுற்று. எழும்போதும் தள்ளும்போதும் மூச்சை வெளியே விட வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் சிரமத்துக்கு எண் சொல்ல வேண்டும். 13ஐத் தாண்டினால் நிறுத்திவிடுவார். இன்னும் செய்ய முடியும் என்று இவர் சொன்னபோதும் கூட்டவில்லை. மறுநாள் மாலை தொலைபேசியில் அழைத்து, எங்கே வலிக்கிறது, கை முழுதாக மடங்குகிறதா, சிறுநீர் என்ன நிறம் என்று கேட்டார். பயிற்சிக்கு அடுத்த நாள் வரும் சாதாரணத் தசைவலிக்கும் ஆபத்தான வலிக்கும் இடையிலான கோட்டைப் பழைய ஜிம்மின் பயிற்சியாளர் தாண்டிப்போனது அந்த நாளில்தான். வீக்கம், மூட்டை அசைக்க முடியாத அளவு இறுக்கம், சிறுநீர் கருமை ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் ஜிம்முக்குப் போகக்கூடாது, மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எல்லாமே ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதிவாயின: தேதி, தொடங்குமுன் ரத்த அழுத்தம், பயிற்சி, எடை, எத்தனை முறை, சிரம எண், முழங்கால் வலி. குறித்த எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு முறை கூடுதலாகச் செய்ய முடிகிற நிலை வந்தால்தான் எடை கூடும், அதுவும் 2 முதல் 10 விழுக்காட்டுக்குள். இது ஏசிஎஸ்எம் 2009இல் வெளியிட்ட நிலைப்பாட்டில் உள்ள பரிந்துரை. எதற்காக இதைச் செய்கிறேன் என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. கேட்டுப் பார்த்தேன்.

இடையில் ஒரு நாள் இந்தத் தேர்வின் மதிப்பு முழுதாகப் புலப்பட்டது. வெளியூர்ப் பயணம் முடிந்து இவர் பயிற்சிக்கு வந்தார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்றார். வழக்கம்போல் பட்டையைக் கையில் சுற்றி அழுத்தம் பார்த்தால் 184/112. பத்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார், குறையவில்லை. மாத்திரை எடுத்தீர்களா என்று கேட்டார். கையோடு கொண்டுபோக மறந்ததால் பல நாட்களாக எடுக்கவில்லை என்று தெரிந்தது. பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தமும் துடிப்பும் முன்பிருந்ததைவிட உயர்ந்து எகிறக்கூடும், இதயத்துக்கும் ஆபத்து. பயிற்சியாளர் அந்த விளக்கத்துக்குள் போகவில்லை. இன்று பயிற்சி கிடையாது, இப்போதே மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்லி, எண்ணையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, வீட்டிலிருந்து ஆள் வரும்வரை உடனிருந்தார்.

மாத்திரையையே நிறுத்திவிடலாம் என்று முதல் சந்திப்பில் ஒருவர் சொன்னாரே, அவரைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்த நாள் எப்படிப் போயிருக்கும் என்று யோசிக்கவே எனக்கு மனம் வரவில்லை.

12 வாரங்கள் கழித்து

30 விநாடியில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் எண்ணிக்கை 9இலிருந்து 14 ஆனது. கைப்பிடியைப் பிடிக்காமல் படி இறங்குகிறார். உடல் எடை பெரிதாகக் குறையவில்லை. முதல் பயிற்சியாளர் கேட்ட இரண்டு கேள்விகளின்படி பார்த்தால் இது தோல்வி. தரையிலிருந்து கனமான பையைத் தூக்கி மேல்தட்டில் வைக்க முடிகிறது என்று அவர் சொன்னபோது அவர் முகத்திலிருந்த நிறைவைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பெரியவர்கள் வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. அதை அவர் இப்போது அச்சமின்றிச் செய்கிறார். தொங்குகம்பியைத் தொடவில்லை. தொட வேண்டிய கட்டாயமும் இல்லை என்று பயிற்சியாளரே சொல்லிவிட்டார்.

இது ஒருவரின் கதை. இன்னொருவருக்குக் கேள்விகள் மாறும். இன்சுலின் போட்டுக்கொள்பவரிடம், தொடங்குமுன் சர்க்கரை அளவு என்ன, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்காத பயிற்சியாளர் ஆபத்தானவர். 70க்குக் கீழே இறங்கினால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவரின் தசைவலியை லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது. கர்ப்பிணிகள், எலும்பு தேய்ந்தவர்கள், இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் எனில் பொதுவான சான்றிதழோடு அந்தத் துறையில் தனிப்பயிற்சியும் தேவை. திரையில் மட்டும் பார்த்துப் பயிற்சி தருபவரைத் தேர்ந்தெடுத்தால், கேள்விகள் இரு மடங்காக இருக்க வேண்டும் என்பேன். முழங்கால் சாய்வது கேமராவின் கோணத்துக்கு வெளியே போய்விடலாம்.

பயிற்சியாளரே முன்வந்து வருகையைக் குறைக்கும் திட்டத்தை எழுதிக்கொடுத்தார். இப்போது இவர் வாரம் இரண்டு நாள் தனியாகவே பயிற்சி செய்கிறார். ஆறு வாரத்துக்கு ஒருமுறை நோட்டுப் புத்தகத்தோடு போய் எடைகளை மாற்றி எழுதி வாங்கிக்கொள்கிறார். பழைய ஜிம்முக்கு, நடந்ததை விவரித்து, யார் மீதும் நடவடிக்கை கேட்காமல் ஒரு கடிதம் எழுதினார். புதிதாகச் சேருபவர்கள் உடல்நலக் கேள்வித்தாளை நிரப்புவது கட்டாயமாக்கப்பட்டது என்று பதில் வந்தது. விசாரித்தபோது, அந்தத் தாள்கள் வரவேற்பு மேசையின் இழுப்பறையோடு நின்றுவிடுவது தெரிந்தது. இரண்டாவது கடிதத்தில், பயிற்சியாளர் அதைப் படித்துக் கையெழுத்திட்ட பிறகே முதல் பயிற்சி தொடங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.